இசைத்தொகுப்பு மறுவெளியீடும் கூடுதல் பாடல்களும்

முன்னரே விற்பனைக்கு வந்த ஒரு பாடல் தொகுப்பைச் சில காலம் கழித்து மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவது மறுவெளியீடு எனப்படுகிறது. அவ்வாறு வரும்போது முதல் பதிப்பில் இல்லாத ஒன்றிரண்டு பாடல்களைச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இவை கூடுதல் பாடல்கள் அல்லது போனஸ் பாடல்கள் எனப்படுகின்றன. விற்பனையைத் தூக்கிவிடுவதற்காக இசைக்கலைஞர்கள் இவ்வாறு செய்யலாமா என்பது நெடுநாளாகக் கேட்கப்படும் கேள்வி. தமிழ் இசையைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மறுவெளியீட்டை முடிவு செய்பவர் இசைக்கலைஞர்தானா? பெரும்பாலும் இல்லை.

ஊடகமும் அதன் கொள்ளளவும்

கூடுதல் பாடல் என்னும் கருத்து வணிகத் தந்திரமாகப் பிறந்ததன்று. ஊடகம் மாறியபோது கிடைத்த வெற்றிடத்தில் பிறந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே பதிய முடியும். படத்தில் நீளமாக வரும் பாடலைத் தட்டுக்காகச் சுருக்கிப் பாடினர். அல்லது பாதியை முதல் பக்கத்திலும் மீதியை மறுபக்கத்திலும் பதிந்தனர். கருநாடக இசைக்கு இந்த மூன்று நிமிடம் இன்னும் கடுமையாக இருந்தது. ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் என்று விரியும் கீர்த்தனையை அந்த அளவுக்குள் மடித்துத்தான் அக்கால வித்துவான்கள் பதிவு செய்தனர்.

பின்னர் நான்கு பாடல் அடங்கும் ஈ.பி. தட்டுகளும், பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டுகளும் வந்தன. எல்.பி.யில் இடம் மிஞ்சியது. அதைத் தமிழகம் தனக்கே உரிய முறையில் நிரப்பியது. வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), திருவிளையாடல் (1965) போன்ற படங்களின் வசனங்கள் இசைத்தட்டுகளாக வந்து கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கிகளில் முழங்கின. மேலை நாட்டார் போனஸ் பாடல் தேடிய இடத்தில் தமிழருக்கு வசனம் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது வெற்றிடம் பெரிதாயிற்று. குறுந்தகட்டில் 74 நிமிடம் அடங்கும், ஒரு எல்.பி. தட்டின் இரு பக்கமும் சேர்ந்தால் நாற்பது நிமிடத்தைச் சற்றே தாண்டும். பழைய தட்டைக் குறுந்தகடாக மாற்றும்போது மீந்த அரைமணி நேரத்தை என்ன செய்வது? பதிவாகி வெளிவராமல் போனவை, முன்மாதிரிப் பதிவுகள், மேடை நிகழ்ச்சிப் பதிவுகள் என மூலநாடாப் பெட்டிகளில் கிடந்தவை வெளியே வந்தன. 1990 முதல் ரைக்கோடிஸ்க் நிறுவனம் டேவிட் போவியின் பழைய தொகுப்புகளைக் கூடுதல் பாடல்களுடன் மறுவெளியீடு செய்தது இதற்கு எடுத்துக்காட்டு. அந்தக் கட்டத்தில் வாங்குவோர் யாரும் பெரிதாகக் குறைகூறவில்லை. பழைய தட்டு தேய்ந்துபோயிருந்தது. புதிய ஊடகத்தில் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். கூடவே சில பாடல்கள் கிடைத்தன.

விடுபட்டவையும் சேராதவையும்

தமிழ்த் திரையிசையில் கூடுதல் பாடலுக்குரிய மூலப்பொருள் ஏராளமாக உண்டு. பாடல் பதிவாகும் காலமும் படம் முடிவாகும் காலமும் வேறு வேறு. படத்தொகுப்பில் நீளம் கருதி ஒரு பாடல் நீக்கப்படலாம். அதற்குள் அது ஒலிநாடாவில் விற்பனைக்குப் போயிருக்கும். தளபதி (1991) படத்துக்காக யேசுதாசும் ஜானகியும் பாடிய 'புத்தம் புது பூ' இவ்வகையைச் சேர்ந்தது. ஒலிநாடாவில் கேட்டுப் பழகியவர்கள் திரையரங்கில் அதைக் காணாமல் ஏமாந்தனர். இதற்கு நேர்மாறாகப் படத்தில் ஒலித்து முதல் தொகுப்பில் இடம்பெறாத பாடல்களும் உண்டு. இராவணன் (2010) படத்தின் இறுதியில் ஏ. ஆர். ரகுமான் குரலில் வரும் பாடல், படத்துக்கு முன்பே வந்த ஆறு பாடல் தொகுப்பில் இல்லை. படம் பார்த்துவிட்டு வந்தவர் அதைத் தேடும்போது, அதைச் சேர்த்து மறுபடி வெளியிடுவது ஏமாற்றும் வேலை ஆகாது. கேட்பவர் உண்மையில் நாடும் ஒன்றைக் கொடுப்பதே அது. பின்னணி இசையைத் தனித் தொகுப்பாகப் பின்னர் வெளியிடும் இன்றைய வழக்கமும் இவ்வகையே.

ஒலிநாடாக் காலத்தில் கேட்பவர்களே தங்கள் மறுவெளியீட்டைத் தயாரித்துக்கொண்டார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தெருமுனை மியூசிக்கல்ஸ் கடையில் வெற்றுக் கேசட் ஒன்றையும் பாடல் பட்டியல் எழுதிய தாளையும் கொடுத்தால், இரண்டு நாளில் விரும்பிய வரிசையில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் தம் விருப்பப்படி ஒரு பாடலின் துண்டைச் சேர்த்துவிடுவதும் உண்டு. பதிப்புரிமைச் சட்டப்படி இது முறையற்றது. இசையமைப்பாளருக்கோ பாடகருக்கோ ஒரு காசும் போகவில்லை. ஆயினும் ஒரு தலைமுறையின் இசையறிவு இப்படித்தான் வளர்ந்தது.

கிரிவலப் பாதையில் ஒரே பாடல், பல உறைகள்

மறுவெளியீட்டின் நல்லதும் கெட்டதும் திரையிசையைவிடப் பக்தியிசையில் தெளிவாகத் தெரியும். திருவண்ணாமலையில் முழுநிலவு நாள்தோறும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கும் கூட்டமும், கார்த்திகைத் தீபத்தன்று திரளும் கூட்டமும் பக்தியிசைக்குப் பெரிய சந்தை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால் வழியாக வேலூர்ப் பக்கமிருந்து நகருக்குள் நுழைபவர் முதல், மலைசுற்றும் பாதையில் நடப்பவர் வரை அனைவர் காதிலும் அண்ணாமலையார் பாடல்கள் விழுந்துகொண்டே இருக்கும். முன்பு கேசட், பிறகு குறுந்தகடு, அதன் பிறகு நூற்றுக்கணக்கான பாடல்களை அடைத்த எம்.பி.3 தட்டு, இப்போது பென்டிரைவ் எனப் பண்டம் மாறியதே தவிரப் பாடல்கள் பெரும்பாலும் மாறவில்லை.

இதில் நன்மை உண்டு. ரமண மகரிஷி இயற்றிய அருணாசல அட்சரமணமாலை 108 கண்ணிகள் கொண்டது. மூன்று நிமிடத் தட்டில் அதை முழுமையாகப் பதிய வழியில்லை; நீண்ட நேரம் ஓடும் ஊடகங்களில்தான் இடைவெளியின்றிக் கேட்க முடிகிறது. ரமணரைப் போற்றி இளையராஜா இசையமைத்த 'ரமண மாலை' போன்ற தொகுப்புகளும் கேசட்டோடு நின்றிருந்தால் இன்றைய இளைஞர்களுக்கு எட்டியிருக்காது. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் இசைத்தட்டில் தொடங்கி ஒவ்வொரு ஊடகமாகத் தாவி வந்ததால்தான் இன்றும் விடியற்காலையில் வீடுகளில் ஒலிக்கின்றன.

தீமையும் அதே பாதையில்தான் இருக்கிறது. பத்துப் பாடல் கொண்ட பழைய தொகுப்பில் இரண்டை நீக்கி, வேறொரு தொகுப்பிலிருந்து மூன்றைச் சேர்த்து, மலையின் படத்தை மாற்றிப் புதிய பெயரிட்டு விற்பது பக்தியிசைச் சந்தையில் பழகிப்போன ஒன்று. யாத்திரை வந்தவர் பேருந்துக்கு நேரமாகும் அவசரத்தில் வாங்குகிறார். ஊருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால், போன வருடம் வாங்கியதே பாதிக்கு மேல். மாற்றிக்கொள்ள யார் மறுபடி வருவார்கள்? இந்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 52அ பிரிவு, ஒலிப்பதிவை வெளியிடுபவர் அதன் உறையில் மூன்று செய்திகளைக் காட்ட வேண்டும் என்கிறது: பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும், முதன்முதலில் வெளிவந்த ஆண்டு. இந்த மூன்றாவது செய்தி ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தாலே வாங்குபவர் ஏமாறுவது பெருமளவு குறையும். எந்தப் பாடல் புதியது, எது பழையது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. நேர்மையான வெளியீட்டாளர்கள் தாமாகவே சொல்கிறார்கள்.

முடிவு யார் கையில்

மேலை நாடுகளில் ஒரு பாடகரோ இசைக்குழுவோ தம் பெயரில் தொகுப்பு வெளியிடுகிறார்கள்; மறுவெளியீட்டில் அவர்களுக்கு ஓரளவேனும் சொல் இருக்கிறது. தமிழகத்தில் பெரும்பகுதி இசை திரைப்படத்தோடு பிறக்கிறது. தயாரிப்பாளர் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பாடகருக்கும் ஊதியம் கொடுத்துப் பதிவு செய்கிறார். ஒலி உரிமையை ஆடியோ நிறுவனத்துக்கு விற்கிறார். மூலநாடா அங்கே போய்ச் சேர்கிறது. பிறகு எந்தப் பாடலை எதோடு சேர்த்து எந்த விலைக்கு விற்பது என்பதில் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் வாய்ப்பேச்சு இல்லை. 1977-இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடகர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டினார்.

நிலைமை மாற 35 ஆண்டுகள் ஆயின. 2012-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், படத்தைத் திரையரங்கில் காட்டுவது தவிரப் பிற வழிகளில் பாடல் பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை அவர்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது என்றும் வகுத்தது. பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை உண்டு என்றாயிற்று. 2013-இல் இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் தொடங்கியது. 2017-இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் புதிய சட்டப்படி மீண்டும் பதிவு பெற்றது. ஒலிநாடாக் காலத்து ஒப்பந்தங்களின் பொருள் என்ன என்பதோ இன்னும் ஓயாத சண்டை. இளையராஜாவுக்கும் ஆடியோ நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்கில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்த பின்னும் மேல்முறையீடு தொடர்ந்தது.

ஆகவே ஒரு பழைய திரைப்படத் தொகுப்பு கூடுதல் பாடலுடன் வந்தால், 'இந்த இசையமைப்பாளருக்கு இன்னும் பணத்தாசை தீரவில்லை' என்று சொல்வது பெரும்பாலும் தவறான ஆளைக் குறைகூறுவதாக முடியும்.

அறுபது ஆண்டுக் கணக்கு

பழைய பாடல்களை இப்போது யார் வேண்டுமானாலும் மறுவெளியீடு செய்யலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1964-இல் வெளிவந்த ஒரு பதிவின் உரிமை 2024 இறுதியோடு முடிகிறது. காதலிக்க நேரமில்லை (1964) படப் பாடல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் ஒலிப்பதிவு உரிமை முடிந்தாலும், பாடல் வரியும் மெட்டும் தனித்தனி ஆக்கங்கள். அவற்றுக்கு ஆக்கியவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். அவர் வரிகள் 2041 இறுதி வரை பாதுகாக்கப்படும். மெட்டமைத்த இருவருள் டி. கே. ராமமூர்த்தி 2013-இலும் எம். எஸ். விசுவநாதன் 2015-இலும் மறைந்தனர். கூட்டாக்கத்தில் கடைசியாக மறைந்தவரை வைத்தே கணக்கு என்பதால் மெட்டுக்கு 2075 இறுதி வரை உரிமை உண்டு. பழைய தட்டைத் தூசு தட்டி வெளியிட நினைப்பவர் இதை மறந்துவிடுகிறார்.

இதில் இன்னொரு நுட்பம்: பழைய தொகுப்பில் இரண்டு புதிய பதிவுகளைச் சேர்த்தால், அந்த இரண்டுக்கு மட்டுமே புதிதாக 60 ஆண்டு கிடைக்கும். உடன் இருக்கும் பழைய பாடல்களின் ஆயுள் அதனால் ஒரு நாளும் நீளாது.

பதிவு நிறுவனத்திடம் இருப்பதால் கலைஞர் மீண்டும் பாடித் தம் சொந்தப் பதிவாக வெளியிடலாமா? அமெரிக்காவில் டெய்லர் சுவிஃப்ட் அதைத்தான் செய்தார். அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூலப்பதிவுகள் 2019-இல் வேறொருவர் கைக்கு மாறின. 2021 முதல் 2023 வரை நான்கு தொகுப்புகளை அவர் புதிதாகப் பாடிப் பதிந்தார். ஒவ்வொன்றிலும் முன்பு வெளிவராத பாடல்களையும் சேர்த்தார். 2025-இல் மூலப்பதிவுகளையே வாங்கிக்கொண்டார். கூடுதல் பாடல் என்பது இங்கே வெறும் தூண்டில் அன்று. பழைய பதிப்பை விட்டுப் புதியதற்கு வாருங்கள் என்று கேட்போரை அழைக்கும் ஒரு காரணம். அவருடைய பாடல்களை அவரே எழுதியதால் இது முடிந்தது. வரி ஒருவர், மெட்டு ஒருவர், குரல் ஒருவர் என்று பிரிந்து கிடக்கும் தமிழ்ப் பாடலில் இது எளிதன்று. மறுபதிவுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்தாண்டு கழித்து, உரிமையாளருக்கு உரிமத்தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டுப் பாடுவதுதான்.

இரண்டு முறை காசு

ரசிகரின் குறை எளிமையானது. ஒரு கற்பனைக் கணக்கு: எட்டுப் பாடல் கொண்ட குறுந்தகட்டை ஒருவர் 100 ரூபாய்க்கு வாங்குகிறார். ஆறு மாதம் கழித்து அதே எட்டோடு இரண்டு புதிய பாடல் சேர்த்து 125 ரூபாய்க்கு வருகிறது. புதிதாக வாங்குபவருக்கு ஒரு பாடல் பன்னிரண்டரை ரூபாய். முதலில் வாங்கியவருக்கோ புதிய பாடல் ஒன்று அறுபத்திரண்டரை ரூபாய். காத்திருந்தவர் பயனடைகிறார், முதல் நாளே ஓடிவந்து ஆதரித்தவர் தண்டம் கட்டுகிறார். இதுதான் இந்த வழக்கத்தின் மிக மோசமான பகுதி. இடைவெளி குறையக் குறைய மோசம் கூடுகிறது. இருபது ஆண்டு கழித்து வரும் மறுவெளியீட்டை எவரும் தவறாக எண்ணுவதில்லை. முதல் பதிப்பு வரும்போதே கையில் இருந்த பாடலை மறைத்துவைத்து மூன்றாம் மாதம் நீட்டுவதுதான் கசக்கிறது.

லேடி காகா 2009-இல் இதை ஓரளவு சரியாகக் கையாண்டார். முதல் தொகுப்பின் மறுவெளியீட்டுக்காகத் தயாரான எட்டுப் புதிய பாடல்களைத் தனித் தொகுப்பாகவும் விற்பனைக்கு வைத்தார். பழையதை வைத்திருப்பவர் புதியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். சப்பானில் கூடுதல் பாடல் வேறு காரணத்துக்காக வருகிறது. அங்கே வெளியீட்டாளர் குறித்த விலையைக் கடைக்காரர் குறைக்க முடியாததால் உள்நாட்டுக் குறுந்தகடு விலை அதிகம். வெளிநாட்டு இறக்குமதி மலிவு. உள்நாட்டுப் பதிப்பை வாங்க வைக்க அதில் மட்டும் ஒரு பாடல் சேர்க்கிறார்கள். கொரிய இசைக்குழுக்களிடம் மறுபொதி என்ற முறையே நிலைபெற்றுவிட்டது. எக்ஸோ குழுவின் புகழ்பெற்ற 'க்ரௌல்' பாடல் 2013-இல் அவ்வாறான மறுபொதியில்தான் முதலில் வந்தது.

அமெரிக்காவில் இன்றைய தூண்டுதல் தரவரிசைப் பட்டியல். பில்போர்டு 2018-இல் வகுத்த கணக்கில், கட்டணச் சந்தாதாரர்கள் ஒரு தொகுப்பின் பாடல்களை 1,250 முறை இணையத்தில் கேட்டால் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. விரிவாக்கப் பதிப்பின் கேட்பு எண்ணிக்கையும் மூலத் தொகுப்போடு சேர்த்தே எண்ணப்படும். எனவே பாடல் கூடக் கூட எண்ணிக்கை கூடுகிறது. டெய்லர் சுவிஃப்ட் 2024 ஏப்ரலில் ஒரு தொகுப்பை வெளியிட்டு, இரண்டு மணி நேரத்தில் மேலும் 15 பாடல்களுடன் விரிந்த பதிப்பை வெளியிட்டார். மூலநாடாவுக்காகப் போராடியவரும் இவரே. ஒரே தொகுப்பைப் பல வடிவங்களில் ரசிகர்களிடம் விற்றவரும் இவரே.

தமிழ்ச் சந்தையில் இன்று

தமிழில் அப்படி எடை போடும் பட்டியல் ஏதுமில்லை. ஒரு படத்தின் பாடல்கள் 'ஃபர்ஸ்ட் சிங்கிள்', 'செகண்ட் சிங்கிள்' என்று ஒவ்வொன்றாக யூடியூபில் வந்து, படம் வெளியாவதற்குள் தொகுப்பு நிறைவடைகிறது. கூடுதல் பாடலைப் பின்னால் நீட்டுவதற்குப் பதில் முன்னாலேயே பிரித்துக் கொடுக்கும் முறை இது. கேட்பவர் கையிலிருந்து தனியாகக் காசு போகாததால் மறுவெளியீடு பற்றிய பழைய கோபமும் இங்கே குறைந்துவிட்டது. கில்லி 2024 ஏப்ரலில் மீண்டும் திரைக்கு வந்தபோது புதிய இசைத்தொகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. திரையரங்கமே பழைய பாடல்களுக்கு ஆடியது.

இந்தியாவில் கடந்த பத்தாண்டில் மிகவும் பேசப்பட்ட மறுவெளியீட்டில் கூடுதல் பாடல் ஒன்றுகூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது. எச்.எம்.வி.யின் வாரிசான சரிகம நிறுவனம் 2017-இல் 5,000 பழைய இந்திப் பாடல்களை உள்ளடக்கிய 'காரவான்' வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் தமிழ்ப் பாடல்களுடனும் வந்தது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பாடல்களுக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தார்கள். பலர் தம் பெற்றோருக்குப் பரிசாக வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது பொத்தானைத் திருகினால் பாடும் எளிமையை.

இணைய இசைச் செயலிகளில் வேறொரு சிக்கல் தலைதூக்கியுள்ளது. பழைய தொகுப்பைப் பலமுறை பல பெயர்களில் ஏற்றுவதால், 1980-களின் பாடலுக்குப் பக்கத்தில் அது பதிவேற்றப்பட்ட ஆண்டே வெளியீட்டு ஆண்டாகத் தெரிகிறது. பாடலாசிரியர் பெயர் விடுபட்டிருக்கிறது. இருகுரல் பாடலில் ஒரு பாடகர் பெயர் மட்டும் இருக்கிறது. பெயர் தவறினால் உரிமத்தொகைக் கணக்கும் தவறக்கூடும். இசை வரலாற்றைத் தேடும் மாணவர் அச்செயலியின் ஆண்டை நம்பாமல், மூல இசைத்தட்டின் உறையையோ திரைப்படப் பாட்டுப் புத்தகத்தையோ பார்ப்பதே பாதுகாப்பானது.